எங்க நாடகம், எங்க ட்ரூப், எங்களோட போகட்டும்

ஆறு பேர் சேர்ந்து ஒரு நகைச்சுவை நாடகம் போடலாம் என்று முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தொழில்முறை நடிகர் இல்லை. ஒருவர் வங்கியில் இருக்கிறார், ரெண்டு பேர் ஐ.டி., ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது (எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு, பெரும்பாலும் நன்றாக நடிப்பவரும் அவர்தான்). இவர்கள் இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரில் இருந்தால் விஷயம் சுலபம். சாமுவேல் ஃபிரெஞ்ச் என்றொரு பதிப்பகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரம்பித்தது. நாடகப் பிரதிகள்தான் அதன் வியாபாரம். ஆண் எத்தனை பேர், பெண் எத்தனை பேர், செட் ஒன்றா இரண்டா என்று பார்த்து, பிரதியை வாங்கி, மேடையேற்றுவதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வாரமே ஒத்திகையைத் தொடங்கிவிடலாம். 1892இல் வந்த 'சார்லிஸ் ஆன்ட்' இன்னும் ஏதோ ஒரு தேவாலயக் கூடத்தில் யாரோ ஒரு ஆணுக்குப் பாவாடை மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறது. ஆஸ்கார் வைல்டின் 'எர்னஸ்ட்' 1895. மைக்கேல் ஃபிரெய்னின் 'நாய்ஸஸ் ஆஃப்' 1982. மூன்றையும் எழுதியவர்களுக்கோ முதலில் நடித்தவர்களுக்கோ முகம் தெரியாத ஆயிரக்கணக்கான ஆட்கள் இவற்றை நடித்திருக்கிறார்கள். பாதிப் பேர் மோசமாகத்தான் நடித்திருப்பார்கள். அதனால் நாடகம் செத்துப்போகவில்லை.

இதே ஆறு பேர் சென்னையிலோ மதுரையிலோ இருந்தால்?

முதல் வாரம், "நல்ல காமெடி டிராமா ஸ்கிரிப்ட் எங்க கிடைக்கும்?" என்று கேட்பார்கள். இரண்டாவது வாரம், யூடியூபில் பழைய சபா நாடகங்களைப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம், அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக்கொள்ள முயன்று, சிரிப்பொலியில் பாதி வசனம் அமுங்கிப்போவதால் கைவிடுவார்கள். நாலாவது வாரம், "விடுங்கடா, நாமளே எழுதிடலாம்" என்பார்கள். அப்படி எழுதியது இருபது நிமிஷ ஸ்கிட்டாக இருக்கும். வடிவேலு வசனம் நாலு, ஆபீஸ் மேனேஜர் ஜோக் மூணு, கடைசியில் ஒரு பாட்டு. ஆண்டு விழாவில் கைதட்டு வாங்கும். மறுநாள் அது இருந்த இடம் தெரியாது.

நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாக ஆமெச்சூர் நாடக மரபு இருக்கும் ஒரு மொழியில், எடுத்து நடிக்க ஒரு நகைச்சுவை நாடகம் கைக்கு அகப்படவில்லை என்பது அவமானம். இந்த அவமானத்துக்கு இரண்டு தரப்பு பொறுப்பு. ஒன்று, சபா நாடகக்காரர்கள். இன்னொன்று, இதைப் படித்துக்கொண்டிருக்கும் நாம்.

நம்மைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். இலக்கிய வாசகர்கள் சபா நாடகத்தைப் பற்றிப் பேசும்போது ஒரே ஒரு சொல்தான் வரும்: துணுக்குத் தோரணம். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, நல்ல சொல், கச்சிதமான வசை. ஆனால் ஐம்பது வருஷமாக அதே வசையைச் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு துணுக்குத்தான். 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் பரீக்‌ஷா என்று நவீன நாடகம் இங்கே வேர்விட்டபோது சபா மேடையை எதிரியாக வைத்துக்கொண்டது நியாயம்தான். எதிரி இல்லாமல் யாரும் இயக்கம் தொடங்குவதில்லை. ஆனால் அந்தச் சண்டையில் சபா மேடையோடு சேர்த்து நகைச்சுவையையும் வெளியே தூக்கிப் போட்டாகிவிட்டது. இன்று இருபத்தைந்து வயசுக்காரர்கள் புதிதாக ஒரு நாடகக் குழு தொடங்கினால் முதல் தயாரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியும். கறுப்புச் சட்டை. வெறும் மேடை. ஒருவர் மெதுவாக நடந்து வந்து தரையைத் தொடுவார். பறை ஒலிக்கும். யாரும் சிரிக்கக் கூடாது. யாராவது சிரித்தால் அது பார்வையாளரின் குற்றம்.

சிரிக்க வைப்பது அதைவிடக் கஷ்டம் என்பது ஒரே ஒரு தடவை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சோகக் காட்சி சரியாக வந்ததா இல்லையா என்பதைப் பிறகு விவாதிக்கலாம். மௌனத்தை மரியாதை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நகைச்சுவைக்கு அந்த வசதி கிடையாது. வசனம் சொன்ன அரை நொடியில் தீர்ப்பு வந்துவிடும், மேல்முறையீடு இல்லை. சிரிப்பு எழும்போது அடுத்த வசனத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும், அது இறங்கத் தொடங்கும்போதே விட வேண்டும், முழுக்க இறங்கிய பின் விட்டால் கூடம் குளிர்ந்துவிடும். எதிரே நிற்பவர் பேசும்போது உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்க வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது என்பதால், வாக்கியத்தின் குட்டு அதன் கடைசிச் சொல்லில் உடைகிறது. அந்தச் சொல்லைத் தின்றுவிட்டால் ஜோக்கே கிடையாது. நம் நடிகர்கள் பெரும்பாலோர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறவர்கள். இதையெல்லாம் எந்தப் பயிலரங்கும் கற்றுத்தருவதில்லை. ஓர் எழுதப்பட்ட நல்ல நகைச்சுவை நாடகம் கற்றுத்தரும். அதுதான் கிடைப்பதில்லையே.

சரி, சபாக்காரர்கள்.

ஆரம்பம் இப்படி இல்லை என்பதுதான் எரிச்சலூட்டுவது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது அவருக்கு வயது பதினெட்டு. பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தெலுங்குக் குழுவைப் பார்த்த உற்சாகம். படித்தவன் கூத்தாடலாமா என்று ஊர் கேட்ட காலம். வக்கீல்கள், அரசு உத்தியோகஸ்தர்கள், பிறகு சத்தியமூர்த்தி போன்ற அரசியல்வாதிகள் எல்லாரும் அந்த மேடையில் வேஷம் கட்டினார்கள். பெண் வேஷமும் ஆண்கள்தான். ரங்கவடிவேலு என்ற நண்பர் கதாநாயகியாக நடிக்க, பம்மல் கதாநாயகனாக நடித்த கதையெல்லாம் 'நாடக மேடை நினைவுக'ளில் இருக்கிறது. நீதிபதியாக உத்தியோகம் பார்த்த மனிதர் தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதினார். அதில் முக்கியமான விஷயம், அவற்றை அச்சிட்டார். மற்றக் குழுக்கள் ஆடினால் கட்டணம் கேட்டு வாங்கினார். அதாவது, தன் நாடகத்தை வேறொருவர் ஆடுவார் என்று எதிர்பார்த்து எழுதினார். 'மனோகரா'வைத் தொழில்முறைக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொண்டுபோனது அப்படித்தான். 'சபாபதி' என்ற கோமாளி நாடகம் 1941இல் ஏவி.எம்.மின் படமாகி, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் எஜமானும் வேலைக்காரனுமாக, ரெண்டு பேருக்கும் ஒரே பெயராக, இன்றுவரை சிரிக்க வைப்பதும் அப்படித்தான். ஷேக்ஸ்பியர் 'அமலாதித்தன்' ஆனதும், மோலியேரின் ஸ்கபான் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆனதும் இதே மனிதர் கையில்.

ஈழத்திலும் இதே பார்வை உள்ள ஒருவர் இருந்தார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பல்கலைக்கழக மாணவர்கள் நடிப்பதற்காக யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதிய நாடகங்களை 1940இல் 'நானாடகம்' என்று புத்தகமாகப் போட்டார். அதிலுள்ள 'உடையார் மிடுக்கு' என்ற தலைப்பே பாதிச் சிரிப்பு. ஆமெச்சூர் குழுவுக்கென்று எழுதி, ஆமெச்சூர் குழுவை வைத்து ஆடி, அடுத்த ஆமெச்சூர் குழுவுக்கென்று அச்சிட்டது.

பிறகு என்ன ஆயிற்று? 1952இல் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் வருகிறது. ஐம்பதுகளில் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், சோ. காத்தாடி ராமமூர்த்தி, மௌலி, எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் என்று வரிசையாக வருகிறார்கள். எல்லாரும் ஆமெச்சூர்கள்தான், அதாவது பகலில் வேறு வேலை. நாடகம் சனி, ஞாயிறு. இதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து ஒத்திகைக்குப் போய், பத்தரை மணிக்கு வீடு திரும்பி, மறுநாள் மறுபடி ஆபீஸ் போனவர்கள்தான் தமிழ்நாட்டை நாற்பது வருஷம் சிரிக்க வைத்தார்கள். காத்தாடி என்ற பட்டப்பெயர் ஒரு நாடகப் பாத்திரத்திலிருந்து ஒட்டியது. கிரேசி என்பது 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' என்ற நாடகத் தலைப்பிலிருந்து ஒட்டியது. மேடை அவர்களுக்குப் பெயரே மாற்றிவைத்தது.

ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. நாடகம் எழுத்தாளரின் சொத்தாக இருந்தது போய், ட்ரூப்பின் சொத்தாக ஆனது. அதைவிட, நாயக நடிகரின் உடம்போடு ஒட்டிய சட்டையாக ஆனது. கிரேசி மோகன் நாடகங்களில் நாயகன் பெயர் மாது, நாயகி பெயர் ஜானகி, எத்தனை நாடகம் வந்தாலும் மாதுவும் ஜானகியும்தான். அந்த மாதுவை அவருடைய தம்பி பாலாஜி நடிப்பார். அழகான ஏற்பாடு, எனக்கும் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஈரோட்டிலோ தஞ்சாவூரிலோ ஒரு கல்லூரிப் பையன் அந்த மாதுவை நடித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்ததா?

இதற்கு ஒரு பொருளாதாரமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் ஆட்களை மட்டும் திட்டுவது நேர்மையில்லை. சபா என்பது சந்தா கட்டிய உறுப்பினர்களின் அமைப்பு. வாணி மகாலோ நாரத கான சபாவோ மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸோ, ட்ரூப்புக்கு ஒரு தொகை கொடுத்து ஒரு மாலையை வாங்குகிறது. உறுப்பினர் வருஷம் முழுக்க அதே கூடத்துக்கு வருகிறவர். பார்த்த நாடகத்தையே மறுபடி பார்க்க அவர் எதற்கு வர வேண்டும்? அதனால் செக்ரட்டரி கேட்கும் முதல் கேள்வி: "புதுசு என்ன வச்சிருக்கீங்க?" கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவும் புது நாடகங்களுக்கு மேடை கொடுப்பதுதான். புதுசு வேண்டும் என்று கேட்பது நல்லதுதானே என்று தோன்றும். விளைவைப் பாருங்கள்: ஒவ்வொரு ட்ரூப்பும் வருஷத்துக்கு ஒரு புது நாடகம் செய்கிறது, சில டஜன் தடவை போடுகிறது, மூட்டை கட்டுகிறது. மூட்டை கட்டியது பரண் மேல் போகிறது. பரணில் இருக்கும் டைப் அடித்த தாள்கள் எந்த வருஷத்து மழையில் போயின என்று கேட்டால் பேரனுக்குத் தெரியாது.

எண்பதுகளில் கேசட் வந்தது. வீட்டில் சமைத்துக்கொண்டே நாடகம் கேட்ட தலைமுறை அது, வசனங்கள் மனப்பாடம். கேசட் அந்த நாடகங்களைக் காப்பாற்றியது என்பார்கள். கேசட் நடிப்பைத்தான் காப்பாற்றியது. நாடகத்தை அது மூடி சீல் வைத்தது. இனி அந்த வசனத்தை அந்தக் குரலில், அந்த இடைவெளியில் மட்டும்தான் சொல்ல முடியும். வேறு மாதிரி சொன்னால் தப்பு என்றாகிவிட்டது.

இங்கே ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. 1954ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்படி நாடகம் போடுவதற்கு முன் போலீசிடம் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் 1876இல் போட்ட சட்டத்தின் பேரன் இது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் இதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. நல்ல தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அறுபது வருஷமாகத் தமிழ் நாடகப் பிரதிகளைத் தவறாமல் கேட்டு வாங்கிய ஒரே வாசகர் போலீஸ்தான். வேறு யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்டோம். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் சின்னக் குழு (ஒன்பது பேர், ஒத்திகை ஒரு மொட்டை மாடியில்) எழுபதுகளில் வந்த ஒரு நாடகத்தைப் போட விரும்பியது. ட்ரூப் பெயர் வேண்டாம். அந்த ட்ரூப்பில் பொறுப்பில் இருந்தவருக்கு எழுதினோம், போனில் பேசினோம். பெரியவர், அன்பாகத்தான் பேசினார். "நீங்க எதுக்குப்பா கஷ்டப்படறீங்க? நாங்களே ஒரு ஷோ போட்டுடறோமே, வந்து பாருங்கோ" என்றார். நாங்கள் நடிக்க ஆசைப்படுகிறோம் என்று சொன்னதற்கு, "அது எங்க ட்ரூப்புக்குன்னே எழுதினது. வேற யார் பண்ணாலும் எடுபடாது" என்றார். கோபமில்லை அவருக்கு, கவலைதான். அந்தக் கவலைக்குள் ஒரு வாதம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

டைமிங் அந்த நடிகருடையது, எழுத்து அவரை மனதில் வைத்து எழுதியது, ஆகவே வேறொருவர் தொட்டால் செத்துவிடும். இதுதான் வாதம். உலக நகைச்சுவை நாடகத்தின் தலைமகனை வைத்தே இதைச் சோதிக்கலாம். மோலியேர் சொந்தமாகக் குழு நடத்தியவர். தனக்கென்றே நாயக வேஷங்களை எழுதிக்கொண்டவர். தன் இருமலைக்கூட வசனத்துக்குள் கொண்டுவந்தவர். 1673இல் 'கற்பனை நோயாளி'யில் நோயாளியாக நடித்த இரவே இறந்துபோனார். இதைவிட ஒரு நாடகம் ஒரு நடிகரின் உடம்போடு ஒட்டியிருக்க முடியாது. அவரோடு அது போயிருக்க வேண்டுமே? அவருடைய குழுவில் லா கிரான்ஜ் என்றொரு நடிகர் இருந்தார். வரவு செலவு நோட்டைக்கூட ஒழுங்காக எழுதிவைத்த ஆள். அவர் இன்னொருவரோடு சேர்ந்து 1682இல் மோலியேரின் நாடகங்களைத் தொகுத்து அச்சில் கொண்டுவந்தார். அதற்கு ரெண்டு வருஷத்துக்கு முன்பே, மிச்சமிருந்த குழு இன்னொரு குழுவோடு சேர்ந்து கொமெதி ஃபிரான்சேஸ் ஆகிவிட்டது. இன்றும் அங்கே மோலியேர் ஆடுகிறார்கள். முதல் மோலியேர் எப்படி இருமினார் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் சொந்தமாக இருமிக்கொள்கிறார்கள்.

பிரான்ஸ் தூரம் என்றால் இந்தியாவுக்குள்ளேயே பாருங்கள். மராத்தியில் கங்காராம் கவாணகரின் 'வஸ்த்ரஹரண்' என்றொரு நாடகம். கொங்கண் கிராமத்து ஆட்கள் சேர்ந்து மகாபாரத நாடகம் போட முயன்று சொதப்புவதுதான் கதை, மால்வணிப் பேச்சு வழக்கில். நகரத்துக்காரன் சிரிக்கும் கொச்சை என்று கருதப்பட்ட ஒரு வழக்கு அந்த நாடகத்தால் தலைநிமிர்ந்தது. மச்சிந்திர காம்ப்ளி என்ற நடிகரோடு பிரிக்க முடியாமல் ஒட்டிய நாடகம் அது, ஐயாயிரம் காட்சிகளைத் தாண்டியது. அவர் 2007இல் இறந்தார். நாடகம் இறக்கவில்லை, வேறு நடிகர்களோடு மேடையேறியது. தெலுங்கில் குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' 1892இல் முதலில் மேடையேறியது. முழுதாக ஆட முடியாத அளவுக்கு நீளம் என்பதால் ஒவ்வொரு குழுவும் தன் கத்தரியோடு வருகிறது, ஆனால் வருகிறது. கன்னடத்தில் கைலாசத்தின் நாடகங்களைக் கல்லூரிக் குழுக்கள் விடுவதாக இல்லை. அந்தக் கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைச் சொல்லும்போது கொஞ்சம் வயிறு எரிகிறது. இங்கேயே இருந்து எழுதியிருந்தால் அவர் பிரதியும் பரண் மேல்தான்.

ஆகவே, "வேற யார் பண்ணாலும் எடுபடாது" என்பது பிரதியைப் பற்றிய உண்மை இல்லை. பிரதியின் மேல் வைக்கும் அவநம்பிக்கை. தங்கள் எழுத்து தங்கள் முகம் இல்லாமல் நிற்காது என்று அவர்களே நம்புகிறார்கள். துணுக்குத் தோரணம் என்று நாம் சொல்வதும் அதைத்தான்! விரோதிகள் இருவரும் ஒரே கருத்து கொண்டிருப்பது எவ்வளவு வசதி.

விதிவிலக்குகள் உண்டு. சோவின் நாடகங்கள் புத்தகமாகக் கிடைக்கின்றன; 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்'கை இன்று ஒருவர் உட்கார்ந்து படிக்கலாம், அது எங்கே நிற்கிறது, எங்கே அந்தக் காலத்துச் செய்தித்தாளோடு கிழிந்துபோகிறது என்று பார்க்கலாம். ஒரு ட்ரூப்பின் பழைய நாடகத்தை இன்னொரு ட்ரூப் தூசி தட்டுவதும் எப்போதாவது நடக்கும். ஆனால் அதே வட்டம், அதே கூடம், அதே மூணாவது வரிசை மாமா. அது கைமாறல் ஆகாது. ஒரே வீட்டுக்குள் அறை மாற்றிப் படுப்பது.

எனக்கு உண்மையில் முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

சபா நாடகத்தின் செட் உங்களுக்குத் தெரியும். நடுவில் சோபா. ஒரு டெலிபோன். இந்தப் பக்கக் கதவு சமையலறைக்கு, அந்தப் பக்கக் கதவு வாசலுக்கு. மேலே தொங்கும் மைக்குகள், அதன் அடியில் வந்து நின்றுதான் பேசணும். அந்த வீடு மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ இருக்கும் ஒரு குறிப்பிட்ட சாதியின் நடுத்தர வீடு. அறுபது வருஷமாக அதே வீடு. அந்த வீட்டுக்குள் வரும் வேலைக்காரி சென்னைத் தமிழ் பேசுவாள், அவள் பேசினாலே சிரிப்பு. சமையல்காரர் பாலக்காட்டுத் தமிழ் பேசுவார், அதற்கும் சிரிப்பு. திக்குவாய், குண்டு, கறுப்பு, மனைவியின் தம்பி, கிராமத்திலிருந்து வந்தவன். சிரிப்பின் திசை எப்போதும் சோபாவிலிருந்து வாசற்கதவை நோக்கித்தான். இதைச் சொன்னால், "அந்தக் காலத்துல யாரும் தப்பா எடுத்துக்கல" என்பார்கள். கூடத்துக்குள்ளே இருந்தவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, சரி. வெளியே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் எல்லா நாடகமும் இப்படித்தான் என்று மொத்தமாகக் கழித்துக்கட்டுவதும் சோம்பேறித்தனம். ஒரு நகைச்சுவைக் காட்சியின் திசை பிரதியில் மட்டும் இல்லை. யார் நடிக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. எங்களுக்கு எழுபதுகளின் நாடகம் கிடைக்காததால் பம்மலிடம் போனோம். 'சபாபதி'யிலிருந்து சில காட்சிகளை எடுத்துக்கொண்டு, ஒரு நூலகத்தின் மாடிக் கூடத்தில் போட்டோம், எழுபது நாற்காலி. வேலைக்காரச் சபாபதி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், அதனால் எல்லாம் நாசமாகும். படித்தபோது இது முட்டாள் வேலைக்காரனைப் பார்த்து எஜமானவர்க்கம் சிரிக்கும் நாடகம் என்றுதான் எங்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். அந்த வேஷத்தை எங்கள் குழுவில் கால் சென்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண் எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா வீட்டு வேலை செய்தவர். அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், பரம பவ்யமாக, கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினாள். ஒவ்வொரு தடவையும் நிறைவேற்றிவிட்டு, அடுத்த கட்டளைக்காகக் காத்து நின்றாள். அவ்வளவுதான் செய்தாள்.

கூடம் எஜமானைப் பார்த்துச் சிரித்தது. வசனத்தில் ஒரு சொல் மாற்றவில்லை. வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழிவாங்கல் அது: "சார் சொன்னதைத்தானே சார் செஞ்சேன்." முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சிரிப்பு நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பிரதியிலேயே இருந்ததா, நாங்கள் கொண்டுவந்ததா என்று எனக்கும் எங்கள் இயக்குநருக்கும் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. பிரதி கைக்குக் கிடைத்திருக்காவிட்டால் அந்த வாக்குவாதமே கிடையாது.

அதனால்தான் கைமாற வேண்டும் என்கிறேன். ஒரு நாடகம் யாரைப் பார்த்துச் சிரித்ததோ அவர்கள் அதை எடுத்து ஆடிப் பார்க்க வேண்டும். சில நாடகங்கள் அந்தச் சோதனையில் பொசுங்கிப்போகும். போகட்டும், நாலு பேர் ஆடிப் பார்த்த பிறகு போகட்டும். சில நாடகங்களில் எழுதியவரே எதிர்பார்க்காத ஒரு கதவு திறக்கும். மொத்தத்தையும் பரணில் போட்டுவிட்டு, ஒரு தரப்பு "பொற்காலம்" என்றும் இன்னொரு தரப்பு "குப்பை" என்றும் சொல்லிக்கொண்டிருப்பது, ரெண்டு பேரும் படிக்காத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுவது மாதிரி.

சட்டம் குறுக்கே நிற்கிறதா என்று கேட்பார்கள். நிற்கவில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 ஒரு வெல்லக்கட்டி வைத்திருக்கிறது: ஆமெச்சூர் கிளப்போ சங்கமோ, பணம் வாங்காமல், கட்டணம் கட்டாத பார்வையாளர்களுக்கு ஒரு நாடகத்தை நடித்துக் காட்டினால் அது காப்புரிமை மீறல் ஆகாது. சட்டம் ஆமெச்சூரை இந்த அளவுக்கு நம்புகிறது. டிக்கெட் போட்டால் அனுமதி வாங்கணும், பணம் கொடுக்கணும், அதுதான் நியாயம். எழுதியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தொகை போய்ச் சேரும் ஓர் ஏற்பாட்டை ட்ரூப்புகள் ஏன் யோசிக்கவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். பரணில் இருக்கும் தாள் யாருக்கும் ஒரு பைசா சம்பாதித்துத் தருவதில்லை. ஸ்கேன் பண்ணி, எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை நிமிஷம், எவ்வளவு கட்டணம் என்று ஒரு பக்கத்தில் போட்டால் போதும். பெயர் மாற்றலாமா, ஊர் மாற்றலாமா, எந்த ஜோக்கை வெட்டலாம் என்று நிபந்தனையும் போட்டுக்கொள்ளட்டும். வேலைக்காரி ஜோக்கை வெட்ட அனுமதி கேட்டு முதல் கடிதம் நான் எழுதுகிறேன்.

அது நடக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. பம்மல் சம்பந்த முதலியார் இறந்தது 1964 செப்டம்பரில். கணக்குப் போட்டால், இப்போது அவருடைய நாடகங்கள் எல்லாருக்கும் சொந்தம். டிக்கெட் போட்டும் ஆடலாம். வசனம் பழைய நடைதான், 'வருகிறேன் போகிறேன்' என்று கொஞ்சம் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும். ஒத்திகையில் நாலு நாள் பேசிப் பேசி அதைத் தளர்த்திக்கொள்ளலாம். நாங்கள் அடுத்து எடுக்கப்போவது 'காளப்பன் கள்ளத்தனம்'. மோலியேரின் மூலத்தில் தந்திரக்கார வேலைக்காரன் கிழ எஜமானைச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, ஆள் மாற்றி ஆள் மாதிரி குரல் மாற்றிப் பேசி, கம்பால் அடிப்பான். செட் வேண்டாம், சோபா வேண்டாம், டெலிபோன் வேண்டாம். ஒரு கோணிச் சாக்கு வாங்கியாகிவிட்டது, அரிசி மண்டியில் சும்மாவே கொடுத்தார்கள். அதற்குள் யார் போவது என்பதில்தான் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சண்டை.